ரெண்டு கையும் கேக்கணும்

(செகந்திராபாத் பத்மாராவ் நகரில் நடந்த நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நம் காரியதரிசி என்னிடம், "ஆத்துல ஸ்டூடியோ வெச்சிருக்கேளாமே, அதைப் பத்தி அரை மணி பேசுங்கோ" என்றார். ஸ்டூடியோ என்றதும் நீங்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு மேஜை, பழைய லேப்டாப், கோட்டியில் குஜராத்தி கல்லியில் அலைந்து வாங்கிய நாலைந்து கேபிள்கள், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். அந்த மேஜையின் பாதியில் என் சகதர்மிணி அப்பளம் உலர்த்துவாள்.

நான் முப்பத்தாறு வருஷம் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சப்தம் என்பது ஒரு கம்பியில் ஏறி இன்னொரு ஊரில் இறங்குகிற சமாசாரம் என்ற அளவில்தான் எனக்குப் பரிச்சயம். இந்த வயதில் ஒலிப்பதிவில் இறங்கியதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருத்தி என் பேத்தி, பதினோரு வயது, நாலு வருஷமாகப் பியானோ கற்றுக்கொள்கிறாள். இன்னொருத்தர் என் அம்மா. வயது தொண்ணூற்றொன்று. கும்பகோணத்தில் என் தம்பியோடு இருக்கிறாள். ஒரு காலத்தில் எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். இருபது வருஷமாக அவளுக்கு இடது காது கேட்பதில்லை. போன வருஷம் டாக்டர், வலது காதிலும் சக்தி குறைந்துகொண்டே வருகிறது என்று சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா டெலிபோனில் சொன்னாள்: "டேய், குழந்தை பியானோ வாசிக்கறாளாமே. எனக்குக் காது இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுடணும்டா." அவளால் ஹைதராபாத்துக்குப் பிரயாணம் செய்ய முடியாது. பியானோவைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் போகவும் முடியாது. ஒலிப்பதிவு ஒன்றுதான் வழி.

என்ன உருப்படி வாசிக்கலாம் என்பதில் சந்தேகமே வரவில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் (1775–1835) சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த காலத்தில், கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் செய்தார். அவற்றை நோட்டுஸ்வர சாஹித்யங்கள் என்கிறோம். சுமார் நாற்பது இருக்கின்றன, எல்லாம் சங்கராபரணம். பியானோவின் வெள்ளைக் கட்டைகளை ஸியில் ஆரம்பித்து வரிசையாகத் தட்டினால் அதே சங்கராபரணம்தான். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டில்தான் 'ச்யாமளே மீனாக்ஷி' இருக்கிறது என்று சொன்னால் என் பேத்தியின் சிநேகிதிகள் இன்றும் நம்புவதில்லை. நாங்கள் 'சக்தி ஸஹித கணபதிம்' எடுத்துக்கொண்டோம். அம்மா சொல்லிக்கொடுக்கிற முதல் உருப்படிகளில் அது ஒன்று. பேத்தி வலது கையில் மெட்டை வைத்து, இடது கையில் கீழ் ஸ்வரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசித்தாள்.

ஒற்றைக் கேபிளில் ஒற்றைப் பியானோ

எங்கள் ஆத்துப் பியானோ மின்னணுப் பியானோ. நிஜப் பியானோவைப் போலவே 88 கட்டைகள். வெள்ளை 52, கறுப்பு 36. முதலில் செல்போனை அதன் மேல் வைத்துப் பதிவு செய்தேன். கேட்டால், தீப்பெட்டிக்குள் யாரோ பியானோ வாசிப்பதுபோல் இருந்தது. ஸிடியில் கேட்கும் பியானோ நம் முன்னால் விரிந்து கிடக்கிறதே, இது ஏன் ஒரு புள்ளியில் நிற்கிறது என்று பேத்தி கேட்டாள்.

நியாயமான கேள்வி. நமக்குக் காது இரண்டு. நடுவில் தலை இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து வரும் சப்தம் இடது காதுக்கு முதலில் வந்து, வலது காதுக்குச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். எவ்வளவு தாமதம்? சப்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு போக அதற்கு ஆகும் அதிகப்படி நேரம், ஒரு விநாடியை ஆயிரம் பாகமாகப் பிரித்தால் அதில் ஒரு பாகம்கூட இல்லை, முக்கால் பாகத்துக்கும் குறைவு. இந்தத் துளித் தாமதத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. உயர்ந்த ஸ்தாயி சப்தமானால் தலை அதை மறைத்துவிடுகிறது. எட்ட இருக்கும் காதில் சத்தம் குறைகிறது. அது இரண்டாவது அடையாளம். ஒற்றை மைக் வைத்தால் இந்த இரண்டு அடையாளமும் போய்விடும்.

இது 1881-லேயே தெரிந்துவிட்ட விஷயம். பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளமெண்ட் ஆதர் என்பவர் ஆபரா மேடையிலிருந்து டெலிபோன் கம்பிகளை இழுத்து, ஒவ்வொரு காதுக்கும் ஒரு ரிஸீவர் கொடுத்தார். பாடகர் மேடையில் நடந்தால் சப்தமும் கூடவே நடந்தது. ஸ்டீரியோ எங்கள் டெலிபோன் குடும்பத்தில் பிறந்த குழந்தை என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். பிறகு 1931 டிசம்பரில் இங்கிலாந்தில் ஆலன் ப்ளம்லைன் என்ற இன்ஜினியர் அதற்கு முழு சாஸ்திரத்தையும் எழுதிக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சினிமாவுக்கு மனைவியோடு போனபோது நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு இடத்திலிருந்து வந்ததுதான் தூண்டுதல் என்று சொல்வார்கள். 1942-ல், 38 வயதில், ரேடார் கருவியைச் சோதிக்கும் விமானம் விழுந்து அவர் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது அதற்கும் பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து.

கதைக்கு வருகிறேன். செல்போனை விட்டுவிட்டு, இரண்டு வாயில்கள் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சிறிய பெட்டி ஒன்று வாங்கினேன். பியானோவிலிருந்து வருவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. பதிவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், 2000-லிருந்தே இருக்கிறது. பியானோவின் பின்புறம் இரண்டு துளைகள் இருக்கும், இடது ஒன்று, வலது ஒன்று. நான் இடதில் மட்டும் ஒரு கேபிளைச் செருகினேன். பல கருவிகளில் அந்தத் துளைக்குப் பக்கத்தில் 'மோனோ' என்றும் அச்சடித்திருக்கும். ஒரு கேபிள் மட்டும் செருகினால் கருவி இரண்டு பக்கத்தையும் கலந்து ஒன்றாகக் கொடுத்துவிடும். முப்பத்தாறு வருஷ சர்வீஸ், இரண்டு துளை கண் முன்னால் இருக்க ஒரு கேபிள் செருகியிருக்கிறேன்! பேத்திதான், "தாத்தா, இன்னொரு ஹோல் எதுக்கு?" என்று கேட்டாள்.

இரண்டு கேபிளும் செருகிய பிறகு ஒன்றை முழுக்க இடதிலும் மற்றதை முழுக்க வலதிலும் வைக்க வேண்டும். இரண்டையும் நடுவில் விட்டால் மறுபடியும் பழைய கதைதான். அப்படி வைத்ததும் பியானோ விரிந்தது. காரணம், மின்னணுப் பியானோவுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு நிஜ கிராண்ட் பியானோவை இரண்டு மைக் வைத்து, கட்டை கட்டையாகப் பதிவு செய்து அடக்கிவைத்த சப்தம். அகலம் முன்பே உள்ளே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் வெளியே எடுத்தால் போதும்.

ஆசை யாரை விட்டது

போதும் என்று நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அகலம் என்பது மோர்க்குழம்புக்குப் போடும் பச்சை மிளகாய் மாதிரி. கொஞ்சம் போட்டதும் நன்றாயிருந்தால் கை தானாக இன்னும் போடும். இன்டர்நெட்டில் யாரோ ஒருவர், ஒரு பக்கத்துச் சப்தத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் ஸ்பீக்கருக்கு வெளியேயும் சப்தம் பரவும் என்று சொல்லியிருந்தார். ஆடாசிட்டியில் அதற்கு ஒரு பொத்தானே இருக்கிறது. அழுத்தினேன். ஹெட்போனில் கேட்டால், அடாடா! பியானோ தலைக்குப் பின்னால் எல்லாம் சுற்றிக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும் ஏதோ ஓட்டை மாதிரி இருந்தது. அதை நான் சட்டை செய்யவில்லை. ராத்திரி பத்து மணிக்கே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி கூப்பிட்டான். அம்மாவே பேசினாள். "நன்னா வாசிக்கறா குழந்தை. ஆனா கெணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்கே. இடது கையே வைக்க மாட்டாளா? இன்னும் சொல்லித்தரலையா?"

பேத்தி பக்கத்தில் இருந்தாள். இடது கைக்காக மூன்று வாரம் சாதகம் செய்திருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "வெச்சேன் கொள்ளுப்பாட்டி" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

தம்பி ஒரு யோசனை செய்து, இயர்போனை அம்மாவின் நல்ல காதில், வலது காதில், வைத்தான். இப்போது அம்மா, "இடது கை எங்கேயோ அடுத்த ஆத்துல கேக்கற மாதிரி இருக்குடா" என்றாள். பிறகு, "விடு, என் காது அவ்வளவுதான் போலிருக்கு" என்றாள். அந்த வார்த்தைதான் என்னைச் சுட்டது. அவள் காதில் குறை இல்லை. குறை என் வேலையில்.

என்ன நடந்தது?

தம்பியின் செல்போனில் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கச் சப்தத்தையும் கூட்டி அந்த ஒன்றில் கொடுக்கும். நான் ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டேன். ஆகவே கூட்டல், கழித்தல் ஆகிவிட்டது. இரண்டு பக்கத்திலும் பொதுவாக எது இருக்கிறதோ, அது ஒன்றையொன்று தின்றுவிட்டு மறைந்துபோயிற்று.

கீழ் ஸ்தாயி ஏன் முதலில் போயிற்று? பியானோவில் நடு ஸி கட்டைக்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள ஸி, விநாடிக்குச் சுமார் 65 அதிர்வு. அந்த அலையின் நீளம் ஐந்து மீட்டருக்கு மேல், அதாவது இந்த ஹாலின் அகலத்துக்கு வரும். இரண்டு மைக்குகள் ஓரிரு அடி தள்ளி இருந்தால், அவ்வளவு நீள அலை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதிவாகும். ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் காணாமல் போகும். மேல் ஸ்தாயியில் 2000 அதிர்வு என்றால் அலை ஒரு சாண் நீளத்துக்கும் குறைவு. இரண்டு மைக்கிலும் வேறு வேறாகப் பதிவாகிறது, அதனால் தப்பித்துக்கொள்ளும். குழந்தையின் வலது கை பிழைத்தது, இடது கை போயிற்று.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இந்தக் கணக்கில்தான் நான் முப்பத்தாறு வருஷம் சாப்பிட்டேன். டெலிபோன் லைனில் இரண்டு கம்பியை முறுக்கி அனுப்புகிறோம். பேச்சு ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வழியில் மின்சாரக் கம்பியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். அந்தப் பக்கம் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்ப் பேச்சு நிற்கும். எந்தத் தந்திரத்தால் இரைச்சலை ஒழித்தேனோ, அதே தந்திரத்தால் என் பேத்தியின் இடது கையை ஒழித்துவிட்டேன்.

இயர்போன் சமாசாரம் வேறு. அகலப்படுத்தும்போது கீழ்க் கட்டைகள் இடது பக்கமும் மேல் கட்டைகள் வலது பக்கமுமாகப் பிரிந்துவிடும். ஒற்றைக் காதில் ஒற்றைப் பக்கம்தான் போகும். ஒரு காது கேட்காதவர்களுக்கு ஸ்டீரியோ என்பது பாதி சாப்பாடு.

மிருதங்கத்தை இழுக்கலாமா?

ஸபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேளுங்கள். பாடுகிறவர் நடுவில், மிருதங்கம் பெரும்பாலும் நமக்கு இடது பக்கம், வயலின் வலது பக்கம். இதுதான் நியாயமான அகலம். மிருதங்கத்துக்கும் வலந்தலை, தொப்பி என்று இரண்டு முகம் உண்டு. ஒன்று மேல் நாதம், ஒன்று கீழ் நாதம். அதற்காக வலந்தலையை ஒரு ஸ்பீக்கரிலும் தொப்பியை மற்ற ஸ்பீக்கரிலும் வைத்தால், இரண்டடி மிருதங்கம் பத்தடி ஆகி, வித்வானின் கை ரப்பர் மாதிரி நீண்டுவிடும். பியானோவும் அப்படித்தான். கட்டைகளின் மொத்த அகலம் சுமார் நாலு அடி. வாசிக்கிறவர் காதில் அது நாலடியாகக் கேட்கும். கச்சேரியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த அளவும் கேட்காது. அங்கே பியானோ பக்கவாட்டில் நிற்கும், மூடி நம்மை நோக்கித் திறந்திருக்கும், மேல் கட்டை கீழ்க் கட்டை எல்லாம் ஒரே திக்கிலிருந்து ஹாலின் நாதத்தோடு சேர்ந்து வரும். வாசிக்கிறவர் இடத்தில் இருந்து கேட்கிறோமா, ரசிகர் இடத்தில் இருந்து கேட்கிறோமா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். நான் அது இரண்டையும் விட்டுவிட்டுப் பியானோவுக்குள்ளேயே அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன்.

திருத்திய விதம்

மறுபடி பதிவு செய்தோம். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டில் குழந்தைகள் எந்த வாத்தியம் வாசித்தாலும் இது உதவும்.

முதலாவது, தலைகீழ்ப் பொத்தானைத் தொடவே இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் துளித் தாமதப்படுத்தி அகலம் காட்டுகிற வழியும் உண்டு. அதுவும் ஒற்றை ஸ்பீக்கரில் கூட்டும்போது சில ஸ்வரங்களைத் தின்றுவிடும். அதையும் விட்டோம்.

இரண்டாவது, சுமார் 120 அதிர்வுக்குக் கீழே உள்ள நாதத்தை நடுவில் நிறுத்தினோம். அந்தக் காலத்து இசைத்தட்டுகளிலும் கீழ் நாதத்தை நடுவில்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் ஊசி பள்ளத்திலிருந்து துள்ளிவிடும். காதுக்கும் அதனால் நஷ்டமில்லை. அவ்வளவு கீழ் நாதம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது அதிகம் கவலைப்படுவதில்லை.

மூன்றாவது, இடது கோடி வலது கோடி என்று வைக்காமல் இரண்டையும் கொஞ்சம் உள்ளே இழுத்தோம். கூடம் போன்ற எதிரொலி ஒரு சிட்டிகை மட்டும் சேர்த்தோம். அகலமாகத் தோன்றுவதில் பாதி அந்த எதிரொலிதான்.

நான்காவது, ஒவ்வொரு தடவையும் மோனோவில் கூட்டிக் கேட்டோம். மென்பொருளில் இரண்டு பக்கமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் முள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். முள் கூட்டல் ஒன்றின் பக்கம் இருந்தால் க்ஷேமம். பூஜ்யத்துக்குக் கீழே அடிக்கடி போனால் எங்கேயோ கழித்தல் நடக்கிறது என்று அர்த்தம். முள்ளைவிட நல்ல சோதனை, எங்கள் ஆத்து வேலைக்கார அம்மாவின் சின்ன செல்போன். அதில் இடது கை கேட்டால் எல்லாவற்றிலும் கேட்கும்.

ஐந்தாவது, சத்தம். பியானோவின் உச்ச சத்தம் மீட்டரின் கோடியைத் தொடாமல் ஆறு டெசிபலாவது கீழே நிற்க வேண்டும். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டினேன். ஹும் என்ற இரைச்சல் நின்றது.

அடுத்து, செகந்திராபாத் மாரேட்பள்ளியில் ஒரு சிநேகிதர் ஆத்தில் நிஜப் பியானோ இருக்கிறது என்று தெரிந்து அங்கேயும் முயன்று பார்த்தோம். நின்ற வாக்கில் உள்ள அப்ரைட் பியானோ. இங்கே மைக் வேண்டும். அந்த மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போக வேண்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் அதே 48 வோல்ட். எனக்குப் பழைய ஆபீஸுக்குப் போனது மாதிரி இருந்தது! பியானோவைச் சுவரிலிருந்து ஓர் அடி நகர்த்தி, மேல் மூடியைத் திறந்தோம். இரண்டு மைக்கையும் வாசிப்பவர் தலைக்குப் பின்னால் சற்று உயரத்தில் வைத்தோம்.

இரண்டு மைக்கின் தலையையும் ஒன்றாகச் சேர்த்து 90 டிகிரி விரித்து வைப்பது ஒரு முறை. சப்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேருவதால் மோனோவில் ஒன்றும் குறையாது. அகலம் மட்டும் கொஞ்சம் கம்மி. இரண்டு மூன்று அடி தள்ளி வைப்பது இன்னொரு முறை. அகலம் அபாரம், ஆனால் மோனோவில் கூட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. பிரான்ஸ் நாட்டு வானொலிக்காரர்கள் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். மைக்குகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், விரிப்பு 110 டிகிரி. இரண்டு காதுக்கு நடுவே இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான். எங்களுக்கு அதுதான் ஒத்துவந்தது.

ஒலியைவிட ஊர்தான் அதிகம் படுத்தியது. ஃபேன், ஏ.ஸி. நிறுத்த வேண்டும். காலை என்றால் குக்கர் விசில். சாயங்காலம் ஆட்டோ ஹார்ன். கடைசியில் மத்தியானம் இரண்டரை மணி, மே மாதம், ஃபேன் இல்லாமல் குழந்தை வியர்த்துக்கொண்டு வாசித்தாள். ஹைதராபாத் வெயிலில் இன்னொரு சங்கடம் உண்டு. காற்று வறண்டால் பியானோவின் உள்பலகை சுருங்கி ஸ்ருதி இறங்கும், மழை வந்தால் ஏறும். சுமார் 230 தந்தி, தம்புராவைப்போல் நாமே முறுக்கி சரிசெய்ய முடியாது. ஆகவே கும்பகோணத்துக்குப் போனது ஆத்து மின்னணுப் பியானோவில் வாசித்ததுதான்.

வீடே ஸ்டூடியோ

வீட்டில் பதிவு செய்தால் தரம் வருமா என்று சிலர் கேட்டார்கள். 1992-ல் வந்த 'ரோஜா' படத்துப் பாட்டுகளுக்கு ஏ.ஆர். ரஹ்மான் வேலை செய்தது, கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு கட்டிக்கொண்ட ஸ்டூடியோவில்தான். அவருடைய இசைக்கல்லூரியில் படித்த சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம், 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு வாங்கினான். அனில் ஸ்ரீநிவாசன், சிக்கில் குருசரண் இருவரும் பியானோவையும் கர்நாடக ஸங்கீதத்தையும் ஒரே மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பியானோ இனிமேல் அன்னிய வாத்தியம் என்று ஒதுக்க முடியாது. வயலினும் நமக்கு அப்படி வந்ததுதானே. தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர்தான் அதை நம் ஸங்கீதத்துக்கு முதலில் பழக்கியவர்களில் முக்கியமானவர்.

அகலம் இல்லாவிட்டால் ஸங்கீதம் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1939-ல் ஆரம்பித்த திருச்சி வானொலியைக் கேட்டுத்தான் அம்மா வளர்ந்தாள். மீடியம் வேவ் முழுக்க ஒற்றை ஸ்பீக்கர், மோனோ. அதில் கேட்டுத்தான் ராகங்களைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டீரியோ ஒரு அலங்காரம். அலங்காரத்தைக் கழற்றினாலும் ஆள் நிற்க வேண்டும்.

கடைசியாக

இரண்டாவது பதிவைத் தம்பிக்கு அனுப்பியபோது கூடவே ஒரு குறிப்பும் அனுப்பினேன். இதைத் தயவு செய்து எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும், அமைப்புகள் பகுதியில், உடல் குறை உள்ளவர்களுக்கான வசதிகள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான். அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கச் சப்தமும் கலந்து ஒரு காதிலேயே முழுசாகக் கேட்கும். நம் ஆங்களில் எத்தனை பெரியவர்களுக்கு ஒரு காது மந்தம்! பாட்டுக் கேட்கும்போது பாதி போய்விடுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. தங்கள் காதைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் போனில் இதைப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பி வீடியோவில் வந்தான். அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு, வலது காதில் இயர்போன் வைத்துக்கொண்டு கேட்டாள். விரலால் போர்வையில் தாளம் போட்டாள். ஓர் இடத்தில் தலையை ஆட்டினாள். முடிந்ததும் பேத்தியைப் பார்த்து, "ரெண்டு கையும் கேக்கறதுடி. இடது கைதான் அழகா இருக்கு. ஆனா ரெண்டாவது அடியில ஓட்டறே. அவசரப்படாதே" என்றாள். குழந்தை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் திருத்தத்தை வாங்க நாங்கள் ஏழு வாரம் பாடுபட்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு பேத்தி இன்னொரு காரியம் செய்தாள். அப்படியே அந்த உருப்படியைப் பாடச் சொல்லி, தம்பி போனில் கொள்ளுப்பாட்டியின் குரலைப் பதிவு செய்யச் சொன்னாள். ஒரே மைக், மோனோ, நடுவில் ஒரு காக்காய் கத்துகிறது. மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். நான் அதில் ஒன்றையும் திருத்தவில்லை. மூன்று இடத்தில் பிரதி எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அப்பாவின் குரல் எங்களிடம் இல்லை. அவர் காலத்தில் ஆத்தில் டேப் ரிக்கார்டர் இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் ஆத்திலும் பாடத் தெரிந்த, ஸ்லோகம் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். ஸ்டீரியோ, மைக் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பதிவு செய்யுங்கள். கேபிளோ மைக்கோ சந்தேகம் இருந்தால் காபிக்குப் பிறகு என்னைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இடது துளையில் மட்டும் செருகாதீர்கள் என்பதையாவது நிச்சயமாகச் சொல்வேன்.